புனமும் காட்டுத்தீயும்: சட்டம் காணாத மண்

காட்டை எரித்துப் பயிரிடும் முறைக்குத் தென்னிந்திய மொழிகளில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. கன்னடத்தில் குமரி, தெலுங்கில் போடு, மலையாளத்தில் புனம். சங்கப் பாடல்களின் தினைப்புனமாக நாம் அறிந்த சொல்லே மலபாரின் ‘புனங்கிருஷி’யிலும் வாழ்கிறது. இச்சொற்கள் தீயை மட்டும் குறிப்பன அல்ல. எரித்தல், விதைத்தல், விட்டு நீங்குதல் என்னும் சுழற்சி முழுவதையும் குறிப்பன. 19ஆம் நூற்றாண்டின் வனநிருவாக மொழி இவ்வேறுபாட்டைக் கரைத்துவிட்டது என்பது என் வாதம்.

1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெகார்னின் முயற்சியால், 1860இல் அரசுக் காடுகளில் அனுமதியின்றிக் குமரி செய்வது தடைசெய்யப்பட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. திருவிதாங்கூரும் கொல்லம் 1068இல் (1893) தன் வன ஒழுங்குமுறையை இயற்றியது. போனக்காட்டைச் சூழ்ந்த அகத்தியமலைச் சரிவுகளின் காணிக்காரர் இவ்வாறு எரித்து, விதைத்து, இடம்பெயர்ந்து வாழ்ந்ததைச் சாமுவேல் மெட்டீர் 1883இல் பதிவுசெய்துள்ளார். அதே காலத்தில் தோட்ட முதலாளிகளும் காட்டை வெட்டி எரித்தே காப்பியும் தேயிலையும் நட்டனர். அந்தத் தீக்கு மட்டும் காடு திருத்தல் என்று பெயர்!

இச்சட்டங்கள் மரத்தைக் கண்டன, மண்ணைக் காணவில்லை. கண்டிருக்கவும் வழியில்லை. மரவேரோடு கூடிவாழும் பூஞ்சைக்கு ஆல்பர்ட் பிராங்க் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டதே 1885இல்தான், சென்னைச் சட்டத்திற்கு மூன்றாண்டு பிந்தி. துறைக்குள் எழுந்த மறுப்பும் மரத்தையே பேசியது: பர்மாவில் தீத்தடுப்பு மிகையாகிவிட்டது என 1896இல் ‘இந்தியன் பாரஸ்டர்’ இதழில் எழுதினார் ஸ்லேடு. தேக்கின் நாற்றுகளே அங்கு அளவுகோல்.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. விரைந்து கடக்கும் புல்தீ மேலிருக்கும் ஓரிரு சென்டிமீட்டரைத்தான் சுடும். கனன்றுகொண்டே கிடக்கும் அடிமரமும் தடித்த இலைமட்கும் ஆழம்வரை சுடும். பாக்டீரியாவுக்கு முன்பே பூஞ்சை மடிகிறது. சாம்பல் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்க, பாக்டீரியா பெருகுகிறது. சில காலம் விளைச்சல் கூடிப் பின் குறைகிறது. புனத்தை விட்டு நீங்கும் வழக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது.

வடபுல ஊசியிலைக் காடுகளில் இது இன்னும் தெளிவு. வட சுவீடனின் ஏரித்தீவுகளில் பெரியவற்றை மின்னல் அடிக்கடி தாக்குகிறது. சிறியவை நெடுங்காலம் எரியாமல் நிற்கின்றன. எரியாத தீவுகளில் மட்கு தடித்திருக்கிறது. அதில் சேர்ந்த கரிமத்தின் பெரும்பகுதி உதிர்ந்த இலையினுடையது அன்று, வேரும் வேர்ப்பூஞ்சையும் தந்தது என 2013இல் கிளெம்மென்சன் குழுவினர் காட்டினர்.

இம்முடிவை அப்படியே அகத்தியமலைக்குப் பெயர்ப்பது பிழை. பைனும் ஸ்புரூசும் வேரைச் சுற்றி உறையிடும் பூஞ்சையை நம்புபவை; நம் பசுமைமாறாக் காட்டின் மரங்களில் பெரும்பாலானவை வேரணுக்களுக்குள் நுழையும் வேறு இனத்தைச் சார்ந்தவை. வெள்ளைக் குங்கிலியம் போன்ற சிலவே வடபுல மரங்களை ஒத்தவை. இரு காடுகளுக்கும் தீயோடுள்ள பழக்கமும் ஒன்றல்ல.

2004 முதல் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள்வழித் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இன்றைய கருவியில் ஒரு தீப்புள்ளி 375 மீட்டர் அகலம். அப்புள்ளிக்குள் புல்தீ, புனத்தீ, மூன்று நாள் கனலும் அடிமரம், எல்லாம் ஒரே நிறம்.