கம்பிதம்

கம்பிதம்: கர்நாடக இசையின் கமக வகைகளுள் ஒன்று, சுரத்தை அசைத்து ஒலித்தல். நடுங்குதல், அசைதல் என்று பொருள்படும் ‘கம்ப்’ என்னும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். பூகம்பம் என்பதிலும் இவ்வேரே உள்ளது. மேலையிசையின் ‘திரெமோலோ’வும் நடுக்கத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே, ஆனால் அது பெரும்பாலும் ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப ஒலிப்பது. கம்பிதத்தில் சுரம் அண்டைச் சுரங்களை நோக்கி நகர்ந்து மீள்கிறது. தோடி இராகத்தின் காந்தாரம் அசையாமல் நின்றால் கேட்போர்க்கு அது தோடியாகவே படாது.

தொன்மை: சிலப்பதிகாரக் கானல்வரி கூறும் யாழ்க் கரணங்களுள் உருட்டல் முதலியவற்றைக் கமகத்தின் முன்வடிவமாகக் கொள்வாருண்டு, மறுப்பாரும் உளர். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர், சங்கீத ரத்னாகரத்தில் 15 கமகங்களை வகுத்தார். அவற்றுட் பல அசைவின் வேகத்தால், அதாவது ஓர் அசைவு கொள்ளும் கால அளவால் (லகு, துருதம் என்பன தாளக் கால அளவுகள்) வேறுபடுகின்றன: ஆந்தோலிதத்துக்கு லகு, லீனத்துக்குத் துருதம், கம்பிதத்துக்குத் துருதத்தில் பாதி. இன்னும் விரைவான திரிபத்துக்கு அவர் காட்டும் உவமை, சின்னஞ்சிறு உடுக்கையின் இனிய அதிர்வு. அவர் கூறிய கம்பிதமும் இன்று பாடப்படுவதும் ஒன்றுதானா என்பது முடிவாகவில்லை.

எட்டயபுரப் பதிவு: கம்பிதம் பற்றிய விரிவான சான்று, சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. ஏ. எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவாலும் 1904இல் தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராமர், குடும்பப் பாடத்தைக் கமகக் குறிகளோடு பதித்தார். கம்பிதத்துக்கு அவர் இட்ட குறி சுரத்தின் மேல் ஓடும் சிறு அலைக்கோடு. அச்சிலேயே அசைவு தெரியும் குறி. வீணையில் மெட்டின் மேல் விரலை ஊன்றி, மீட்டிய தந்தியை அசைத்தால் கம்பிதம் பிறக்கும். எவ்வளவு அசைப்பது என்பது குருமுகமாகவே வரவேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு: மலேசியாவின் கோலாலம்பூருக்குக் கம்பிதம் வந்த முதன்மை வழி கோயில் நாதசுவரம் எனலாம். 1873இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயிலின் தைப்பூச வெள்ளித்தேர், நாதசுவரமும் தவிலும் முழங்கப் பத்துமலை செல்கிறது. நாதசுவரத்தில் மெட்டுகள் இல்லை. துளையை அரைகுறையாக மூடியும், சீவாளியில் உதட்டழுத்தத்தையும் மூச்சையும் மாற்றியும் அசைவு எழுப்பப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரும் கர்நாடக இசையைப் பேணினர்.

அண்மைக்காலம்: சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ பிரிக்பீல்ட்ஸில் நடனத்துடன் கர்நாடக இசையும் கற்பிக்கிறது.