இரத்தத்தின் பிராணவாயுவை அளந்த வரலாறு



2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங் மக்களால் எளிதில் மறக்க முடியாத மாதம். சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சு ஆவி, அருகிலிருந்த பள்ளிகளுக்குள் புகுந்தது. மாணவர்களுக்கு மயக்கமும் வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்டாயின. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

மூச்சுத் திணறும் ஒருவரைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது ஒன்று உண்டு. இவருடைய இரத்தத்தில் போதிய பிராணவாயு சேர்கிறதா? இதற்குச் சில நொடிகளில் விடை சொல்லும் சிறு கருவிதான், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். அது பிறந்த கதையையும், அது காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இன்று பார்ப்போம்.

முற்காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் உதட்டையும் நகத்தையும்தான் பார்த்தார்கள். அவை நீலம் பாய்ந்தால் ஆபத்து என்று கொண்டார்கள். ஆனால் கண்ணுக்கு அந்த நீலம் தெளிவாகத் தெரிவதற்குள் பிராணவாயுவின் அளவு 80 விழுக்காட்டை நெருங்கும் வரை இறங்கியிருக்கக்கூடும். கருநிறத் தோலில் அதைக் காண்பது இன்னும் கடினம்.

ஆகவே கண்ணுக்குப் பதிலாக ஒளியை நாடினார்கள். பிராணவாயுவைச் சுமந்த இரத்தம் செந்நிற ஒளியைத் தன்னூடே போகவிடும். அதனால்தான் அது பளிச்சென்ற சிவப்பாகத் தோன்றுகிறது. பிராணவாயுவை இழந்த இரத்தமோ செந்நிற ஒளியை அதிகம் விழுங்கிக் கருஞ்சிவப்பாகத் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் இது தலைகீழாக நடக்கிறது. இந்த வேற்றுமையைக் கொண்டு 1935இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் மாத்தஸ் காது மடலில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரத்தில் பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்கர் கிளென் மில்லிகன் அதைச் செம்மைப்படுத்தி, ஆக்சிமீட்டர் என்று பெயரிட்டார்.

எனினும் ஒரு தடை இருந்தது. ஒளியை மறிப்பது இரத்தம் மட்டுமன்று. தோலும் சதையும் மறிக்கின்றன. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். இவற்றிலிருந்து தமனி இரத்தத்தை மட்டும் பிரித்தறிவது எப்படி?

இதற்கு வழி கண்டவர் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் தகுவோ அவோயாகி. இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்பதைச் சாயம் செலுத்தி, காதின் வழியே ஒளியால் அளக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கிட்டு, அளவைக் கோட்டை அலைபோல் ஆட்டியது. இரண்டு நிற ஒளிகளைக் கொண்டு அந்த ஆட்டத்தை நீக்க முனைந்தார். பிராணவாயுவின் அளவு மாறியபோதெல்லாம் அம்முயற்சி பிசகியது. அங்கேதான் அவருக்கு உண்மை விளங்கியது. துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. தோலும் சதையும் துடிப்பதில்லை. ஆகவே, தொல்லையென நீக்க நினைத்த அந்தத் துடிப்பையே இரண்டு ஒளியிலும் ஒப்பிட்டால் பிராணவாயுவின் அளவு கிடைத்துவிடும்! 1974இல் இக்கருத்தை அவர் ஜப்பானில் வெளியிட்டார்.

1980களில் இக்கருவி அறுவை அரங்குகளில் பரவியது. மயக்க மருந்தில் இருப்பவர் தம் மூச்சுக் குறைவதைச் சொல்ல முடியாதல்லவா? அவருக்காக அது குரல் கொடுத்தது. 2020இல் கோவிட் பரவியபோது அது வீடுகளுக்குள்ளும் வந்தது. மூச்சுத் திணறலை உணராமலேயே சிலருக்குப் பிராணவாயு இறங்கியதைக் கண்டு, வீட்டிலேயே விரலை அளந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தம் 84ஆம் வயதில் அவோயாகி காலமானார்.

நேயர்களே, தொழிற்சாலைகள் நிறைந்த பாசிர் கூடாங் போன்ற ஊரில் வாழ்வோர் ஒன்றை அவசியம் அறிய வேண்டும். புகையிலும் எஞ்சின் கழிவிலும் உள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இக்கருவிக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. உயிர் ஊசலாடும்போதும் அது 98 என்று காட்டக்கூடும். வேறு பல நச்சு ஆவிகள் உடலைத் தாக்கினாலும் எண் இறங்காமல் இருக்கலாம். எனவே தலைவலியும் மயக்கமும் இருந்தால், எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் தங்கிவிடாமல், தூய காற்றுள்ள இடத்திற்குச் சென்று உடனே மருத்துவமனையை நாடுங்கள். அங்கே இரத்தத்தை எடுத்தே சோதிப்பார்கள்.

இன்னொன்று. உண்மையான அளவு ஆபத்தாகக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு அதிகம் என 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருநிறத் தோலுடைய நம்மவரும் இதை மனத்தில் கொள்வது நல்லது. நகப்பூச்சை நீக்கி, குளிர்ந்த கையைச் சூடாக்கி, சற்று நேரம் அசையாதிருந்து அளக்க வேண்டும். நலமுள்ளவருக்குப் பொதுவாக 95க்கு மேல் இருக்கும். ஒரே ஒரு எண்ணைவிட, அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதே முக்கியம்.

கருவி காட்டும் எண்ணோடு நோயாளியின் முகத்தையும் மூச்சையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையெனில், நோயாளியையே நம்புங்கள்.