புல்வெட்டி, பிக்அப், ரூட்: லாஸ் ஏஞ்சலஸ் தோட்டக்காரர்களின் கணக்கு

இந்த எபிசோட் புல் வெட்டுகிற மெஷினைப் பற்றியது. உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. 1998 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி ஹாலுக்கு வெளியே சில தோட்டக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். உண்ணாவிரதம். கூலி உயர்வு கேட்டு இல்லை, ஒரு மெஷினுக்காக. முதுகில் பை மாதிரி மாட்டிக்கொண்டு, காய்ந்த இலையை ஊதித் தள்ளுவார்களே, அந்த லீஃப் புளோயர். அதைத் தடை செய்யாதே என்பதுதான் கோரிக்கை.

துடைப்பம் இருக்கே, கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரில் நிறைய பேர் அதைத்தான் கேட்டார்கள். பதில் வேண்டுமென்றால் ரொம்ப தூரம் பின்னால் போகணும். 1913-க்கு.

அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் ஒரு நிலச் சட்டம் வந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. சட்டத்தில் எங்கேயும் ஜப்பான் என்ற பெயர் கிடையாது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெற முடியாது என்ற நிலை ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அடி யாருக்கு என்று புரிந்துவிடும். கோடில் ஒருத்தர் பெயரை நேராக எழுதாமல், கண்டிஷனை மட்டும் அவருக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுவது போலத்தான். 1920-ல் குத்தகைக்கு எடுப்பதற்கும் கிடுக்கிப்பிடி போட்டார்கள்.

இஸ்ஸெய் என்று சொல்லப்படும் அந்த முதல் தலைமுறை ஜப்பானியர்களில் நிறைய பேருக்கு விவசாயம் கைவந்த தொழில். நிலம் கிடையாது, ஆங்கிலம் அரைகுறை, ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை. ஆனால் அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு முன்னால் ஒரு புல்வெளி. மழை குறைந்த, பாதிப் பாலைவன ஊரில் பச்சைப் புல்வெளி! தண்ணீர் விட்டு, வாராவாரம் வெட்டி, ஓரம் சீவி வைக்க யாராவது வேண்டும். அந்த வேலைக்குச் சொந்த நிலம் தேவையில்லை. கையால் தள்ளுகிற புல்வெட்டி ஒன்று, வாரி, கத்தரி, ரப்பர் ஹோஸ், இதையெல்லாம் சுமக்க ஒரு சைக்கிள். கொஞ்சம் காசு சேர்ந்தால் பழைய டிரக். அவ்வளவுதான் முதலீடு.

முதலீடு என்று கருவிகளை மட்டும் சொன்னேன். உண்மையான சொத்து இன்னொன்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ரூட். நம்ம ஊரில் பால் லைன், கேபிள் லைன் என்று சொல்வோமே, அதே மாதிரி. இத்தனை வீடு, வாரத்தில் இந்தக் கிழமை, மாதம் இவ்வளவு. தொழிலை விட்டுப் போகிறவர் தன் ரூட்டை இன்னொருத்தருக்கு விலைக்கு விற்றுவிட்டுப் போவார். எழுதி ரிஜிஸ்டர் பண்ண முடியாத, எந்தச் சட்டமும் தடுக்க முடியாத ஒரு சொத்து.

அதையும் தடுத்தார்கள். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எண் 9066. மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போக முடியாது. வண்டியும் கருவியும் அடிமாட்டு விலைக்குப் போயின. ரூட் விலைக்குக்கூடப் போகவில்லை. வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள், கதை முடிந்தது.

கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மான்ஸனார் என்று ஒரு முகாம். பத்தாயிரம் பேருக்கு மேல். புழுதிக்காற்று, முள்வேலி, காவல் கோபுரம். அங்கே இருந்த தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தோட்டம் போட்டார்கள். பாறையைப் பெயர்த்துக் கொண்டுவந்து, குளம் வெட்டி, நீரோடை விட்டு, பாலம் கட்டி. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்கூட ஒரு குட்டித் தோட்டம். போருக்குப் பிறகு எல்லாம் மணலில் புதைந்து போய், பல வருஷம் கழித்து தேசியப் பூங்காத் துறை அகழ்வாராய்ச்சி மாதிரி தோண்டி எடுத்தது.

1945-ல் திரும்பி வந்தவர்களிடம் பண்ணை இல்லை, கடை இல்லை. சட்டமும் இன்னும் மாறவில்லை. இஸ்ஸெய்க்குக் குடியுரிமை 1952-ல்தான். மறுபடி தோட்ட வேலை. இந்த முறை நிஸெய் என்கிற இரண்டாம் தலைமுறையும் சேர்ந்தது. அதில் காலேஜ் முடித்தவர்களும் உண்டு. நல்லவேளையாக ஊரும் வெடித்து வளர்ந்தது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு முழுக்கப் புது வீடுகள், புதுப் புல்வெளிகள்.

இங்கேதான் மெஷின் உள்ளே வருகிறது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

புல்வெட்டியில் இரண்டு ஜாதி. முதலாவது உருளை வகை. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் வட்டாரத்தில் எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை வாங்கியது. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தைச் சீவ ஆலைகளில் ஒரு மெஷின் இருந்தது. அதே யோசனையைப் புல்லுக்குக் கொண்டுவந்தார். சுழல்கிற கத்திக்கும் அடியில் அசையாமல் இருக்கும் கத்திக்கும் நடுவே புல் கத்தரிக்கோலில் மாட்டின மாதிரி நறுக்கென்று வெட்டுப்படும். இரண்டாவது ரோட்டரி. ஒற்றைக் கத்தி, தரைக்கு இணையாக, பயங்கர வேகத்தில் சுழலும். வெட்டுவதைவிட அடிக்கிறது என்பதுதான் சரி. புல் நுனி கொஞ்சம் கிழியும், காய்ந்தால் பழுப்பாகத் தெரியும். ஆனால் வளர்ந்த புல், ஈரப்புல், குச்சி, எதையும் சமாளிக்கும். உருளையில் ஒரு கல் மாட்டினால் சாணை பிடிக்கப் போக வேண்டியதுதான்.

லாஸ் ஏஞ்சலஸ் வெயிலுக்கு நன்றாகத் தாங்குவது பெர்முடா புல். வேற எதுவும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல்தான். அதை ஒட்ட வெட்டினால்தான் அழகு. ஒட்ட வெட்ட உருளைதான் சரி. அப்போ தோட்டக்காரர் எதை வாங்குவார்? ரூட்டில் என்ன புல் இருக்கிறதோ அதை. தன் ரூட்டைத் தெரியாமல் மெஷின் வாங்கினால் காசு போச்சு.

வீட்டு உபயோகத்துக்கான மெஷினை இவர் வாங்க முடியாது என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்காரர் வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டுகிறார் என்று வையுங்க; வருஷத்துக்கு 26 மணி. தோட்டக்காரர் நாளைக்கு பத்து வீடு, வீட்டுக்கு இருபது நிமிஷம். எட்டே வேலை நாளில் அந்த 26 மணி முடிந்துவிடும். அதனால் அவர் பார்ப்பது வேற விஷயங்கள். ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்ற முடியுமா? காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகுமா? உதிரி பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? பளபளப்பு, பிராண்டு எல்லாம் அப்புறம்.

1955-ல் தென் கலிஃபோர்னியாத் தோட்டக்காரர் கூட்டமைப்பு உருவானது. தனித்தனியாக டிரக் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சங்கம் கிடைத்தது. தனி ஆள் தொழிலில் உடம்புக்கு முடியாமல் போனால் ரூட் நின்றுவிடும் என்பதை யோசித்தால் சங்கத்தின் அருமை தெரியும்.

மெஷின் வந்ததால் தோட்டக்காரர் பணக்காரர் ஆனாரா? ஆரம்பத்தில் வாங்கினவருக்கு லாபம். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது பாதியானால் இன்னும் நாலு வீடு சேர்க்கலாம். பிறகு எல்லோரும் வாங்குவார்கள். அப்போ மாத ரேட், மெஷின் வைத்திருப்பவனின் வேகத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் மெஷின் இல்லாமல் அந்த ரேட்டில் பிழைக்க முடியாது. 1971-ல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பலாஸ், கார் கழுவும் இடத்தில் சுழல்கிற பிரஷ்களைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பை மாட்டிச் சுழற்றி, மரத்தடிப் புல்லை வெட்டுகிற மெஷினுக்கு வழி கண்டார். வீட்டுக்காரருக்கு அது சௌகரியம். தோட்டக்காரருக்கு வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு சாமான்.

லீஃப் புளோயர் கதையும் அப்படித்தான். பயிருக்கு மருந்து தூவுகிற, முதுகில் சுமக்கும் ஜப்பானிய மெஷினிலிருந்து வந்தது அது. மருந்துப் பகுதியைக் கழற்றிவிட்டால் மிச்சம் காற்று. சந்தைக்கு வந்த கொஞ்ச நாளில், 1976-77-ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. அதுவரை வாசலை ஹோஸ் தண்ணீர் அடித்துத்தான் சுத்தம் செய்தார்கள். பல ஊர்களில் தண்ணீரை வீணாக்காதே என்று தடை போட்டதும் ஊதுகிற மெஷின் பரவியது. தண்ணீர் ஹோஸைக் கையிலிருந்து பிடுங்கியதும் அரசாங்கம்தான், கொஞ்ச வருஷம் கழித்து புளோயரைப் பிடுங்க வந்ததும் அரசாங்கம்தான். இதை யாராவது நினைவில் வைத்திருந்தார்களா என்பது சந்தேகம்.

புளோயர் மேல் உள்ள புகார் நியாயமானது, அதையும் சொல்லிடறேன். உள்ளே இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பழைய ஆர்எக்ஸ்-100 சத்தத்துக்கு உயிரை விடுகிறவர்களுக்குத் தெரியும். பெட்ரோலிலேயே ஆயில் கலப்பதால் தனியாக ஆயில் தொட்டி வேண்டாம், எடை குறைவு, எப்படிச் சாய்த்தாலும் ஓடும். முதுகில் சுமக்க இதைவிட நல்ல இன்ஜின் அப்போது கிடையாது. ஆனால் எரிபொருளில் கணிசமான பங்கு எரியாமலே வெளியே போகும். ஒரு மணி நேரம் புளோயர் ஓட்டினால் வருகிற புகைமூட்ட மாசு, 2016 மாடல் டொயோட்டா கேம்ரியை சுமார் 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியா காற்று வாரியமே சொல்கிறது. அந்தப் புகை முதலில் யார் மூக்கில் போகிறது? சுமக்கிறவர் மூக்கில்தான்.

கார்மல் என்ற கடற்கரை ஊர் 1975-லேயே தடை போட்டது. லாஸ் ஏஞ்சலஸில் 90-களில் இது பெரிய பிரச்சினையானபோது, பழைய பேட்மேன் டிவி தொடரில் கேட்வுமனாக நடித்த ஜூலி நியூமார், மிஷன் இம்பாசிபிள் தொடரின் பீட்டர் கிரேவ்ஸ் எல்லாம் தடைக்கு ஆதரவு. அந்தச் சமயத்தில் தோட்ட வேலையின் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் கைக்குப் போயிருந்தது. அதில் பலர் ஜப்பானியத் தோட்டக்காரரிடம் உதவியாளாகச் சேர்ந்து, தொழில் கற்று, அவர் ஓய்வு பெறும்போது ரூட்டை வாங்கியவர்கள். வீட்டிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் புளோயர் ஓட்டக் கூடாது என்று நகர சபை முடிவெடுத்தது. அந்த ஊரில் எந்தத் தெருவில் 500 அடிக்கு வீடு இல்லாமல் இருக்கிறது? மீறினால் அபராதம், சிறை வரைக்கும் போகலாம் என்ற பேச்சு. துடைப்பத்தால் செய்தால் நேரம் கூடும், ரேட்டைக் கூட்டித் தர வீட்டுக்காரர் தயாரில்லை. எபிசோட் ஆரம்பத்தில் சொன்ன உண்ணாவிரதம் இதற்குத்தான்.

தடை நீங்கவில்லை. ஆனால் தண்டனையைக் குறைத்தார்கள், சிறை என்ற பேச்சு போனது. அந்த விதியில் ஒரு வரி எனக்குக் கண்ணில் பட்டது: ஓட்டுகிறவர் மட்டுமில்லை, அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. அந்த ஒரு வரியை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் மாத ரேட் தானாக ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அந்த ஊர்த் தெருக்களில் பெட்ரோல் புளோயர் சத்தம் கேட்கிறது.

2021-ல் மாநிலமே இறங்கியது. 2024 மாடல் முதல் புதிதாக வருகிற புல்வெட்டி, புளோயர் மாதிரியான சின்ன இன்ஜின் மெஷின்கள் புகையே விடக் கூடாது. கையில் இருக்கிற பழையதை ஓட்டலாம். சிறு தொழில்காரர்கள் மாறுவதற்கு 3 கோடி டாலர் ஒதுக்கினார்கள்; பத்தாது என்று தொழில்துறை சங்கங்கள் அப்போதே சொல்லிவிட்டன. பேட்டரி மெஷின் நல்ல மெஷின்தான். சத்தம் குறைவு, புகை கிடையாது, ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுக்க வேண்டாம். ஆனால் பெட்ரோல் என்றால் ஒரு கேனை நிரப்பிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். பேட்டரி என்றால் பத்து வீட்டுக்கு ஒன்று போதாது, ஒரு அடுக்கே வண்டியில் வேண்டும். மெஷின் விலையைவிட அது பெரிய செலவு. அப்பார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறவர் ராத்திரி அத்தனையையும் எங்கே சார்ஜ் போடுவார்? வண்டியில் விட்டு வைத்தால் காலையில் இருக்குமா? 2011-ல் வந்த 'எ பெட்டர் லைஃப்' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். சகோதரியிடம் கடன் வாங்கி டிரக் வாங்குகிற தோட்டக்காரர், அது திருடு போவது, அதைத் தேடி மகனோடு அலைவது, இதுதான் முழுப் படமும்.

இதைப் பற்றி இன்னும் படிக்கணும் என்றால் நவோமி ஹிராஹாரா என்ற எழுத்தாளரைத் தேடுங்க. அவருடைய அப்பாவே தோட்டக்காரர். அவர் எழுதிய துப்பறியும் நாவல்களின் ஹீரோ மாஸ் அராய், லாஸ் ஏஞ்சலஸில் புல் வெட்டுகிற, ஹிரோஷிமாவில் உயிர் தப்பிய ஒரு கிழவர். மான்ஸனாரில் தோண்டி எடுத்த தோட்டங்களின் படங்களும் இணையத்தில் கிடைக்கும், பாருங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.