தாச்சா: ரஷ்ய நகரவாசிகளின் கோடை வீடு

ரஷ்யாவின் பெருநகரங்களுக்கு வெளியே, தோட்டத்தோடு கூடிய கோடைகால வீட்டைத் தாச்சா என்பார்கள். நகரத்தில் வேலையும் வீடும் உள்ளவர்கள் மே முதல் செப்டம்பர் வரை விடுமுறையிலும் வார இறுதியிலும் அங்கே போய்த் தங்குவது வழக்கம். மூன்று நூற்றாண்டுகளில் இந்த வழக்கம் பிரபுக்களிடமிருந்து நடுத்தர வர்க்கத்துக்கும், பிறகு ஆலைத் தொழிலாளர்களுக்கும் பரவியது. நிலத்தை யார், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே கழித்த ஓய்வும் மாறிவந்தது.

1703இல் பீட்டர்ஸ்பர்க் நகரை நிறுவிய முதலாம் பீட்டர், அங்கிருந்து பீட்டர்ஹாஃப் அரண்மனைக்குச் செல்லும் சாலையோரமாகப் பிரபுக்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார். அதில் மாளிகையும் தோட்டமும் அமைப்பது அவர்கள் கடமை. அரசரின் கண்ணெதிரே இருக்க வேண்டியவர்களுக்குத் தொலைவிலுள்ள சொந்தப் பண்ணைக்குப் போய்வர நேரமில்லை. நகரை ஒட்டிய இந்த வீடுகளே அவர்களுக்குக் கோடை வாசஸ்தலமாயின.

இந்த வசதியை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது ரயில். ரஷ்யாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1837இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜார்ஸ்கொயே செலோவுக்கு ஓடத் தொடங்கி, மறு ஆண்டே பாவ்லவ்ஸ்க் வரை நீண்டது. பாவ்லவ்ஸ்க் நிலையத்தோடு சேர்த்து ஓர் இசையரங்கம் கட்டினார்கள்; 1856 முதல் பல கோடைகளில் வியன்னாவின் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் அங்கே இசைக்குழுவை நடத்தினார். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின் வருமானம் குறைந்த நிலக்கிழார்கள் பலர் நிலத்தை விற்றார்கள், அல்லது மனைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1904இல் மேடையேறிய செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில், கடனில் மூழ்கிய குடும்பத்துக்கு வணிகர் லப்பாஹின் சொல்லும் யோசனையும் இதுதான்: மரங்களை வெட்டிவிட்டு நிலத்தைத் தாச்சா மனைகளாக்குவது.

நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகைக்கே எடுத்தன. வசதி குறைந்தவர்களுக்கு விவசாயிகள் தங்கள் மர வீடுகளையே கோடைக்கு விட்டார்கள். இரட்டை வாடகையைத் தவிர்க்கச் சிலர் நகர வீட்டையே காலி செய்துவிடுவார்கள்; அதனால் வசந்தம் பிறந்ததும் கட்டில், மேசை, பாத்திரம், தேநீருக்கான சாமவார் எல்லாம் வண்டியேறிக் கிராமத்துக்குப் போகும். பெண்களும் குழந்தைகளும் அங்கேயே தங்குவார்கள். குளியல், காளான் பறித்தல், பழப்பாகு காய்ச்சுதல், அமெச்சூர் நாடகம் என்று பொழுது போகும். அலுவலகம் போகும் குடும்பத் தலைவரோ ஒவ்வொரு மாலையும் ஊரார் சொல்லிவிட்ட சாமான்களைச் சுமந்துகொண்டு ரயிலேறுவார். இந்தத் ‘தாச்சாக் கணவர்’ அக்காலப் பத்திரிகைகளின் நிரந்தரக் கேலிப்பொருள். செகாவும் 1889இல் அவரை வைத்து ஓர் ஓரங்க நகைச்சுவை நாடகம் எழுதினார்.

1917 புரட்சிக்குப் பின் பெரிய மாளிகைகள் அரசுடைமையாயின. பல காப்பகங்களாகவும் ஓய்வு இல்லங்களாகவும் மாறின. சில பதவியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1930களில் மாஸ்கோவுக்கு அருகே பெரெதெல்கினோவில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பு உருவானது. எழுத்தாளர் பாஸ்டர்நாக் பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்து 1960இல் அங்கேயே மறைந்தார். பதவி போனால் வீடும் போகும் என்பதால் அரசுத் தாச்சா சலுகையாக மட்டுமின்றிக் கடிவாளமாகவும் இருந்தது.

சாதாரண மக்களுக்கு வழி திறந்தது பசி. இரண்டாம் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டில் ஆலைகளும் அலுவலகங்களும் ஊழியர்களுக்குக் காய்கறி பயிரிட நிலம் ஒதுக்கின. 1949இல் வெளியான அரசாணை இந்தத் தோட்டங்களுக்கு முறையான வடிவம் கொடுத்தது. பணியிடத்தின் வழியாகக் கிடைத்த மனை பெரும்பாலும் 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட். நிலம் பயன்பாட்டுக்கு மட்டுமே, சொந்தமில்லை. பெரும்பாலும் கிடைத்ததும் சதுப்பு நிலமோ புதர்க்காடோதான். பழமரங்கள் நட வேண்டும், வீடு சிறியதாக, ஒரே தளத்தோடு நிற்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. கட்டுமானப் பொருள் கடையில் எளிதில் கிடைக்காததால், பழைய ஜன்னலும் கழித்த பலகையும் சேர்த்துத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1967இல் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை நடைமுறைக்கு வந்தபின், வெள்ளி மாலைகளில் புறநகர் மின்ரயில்கள் நாற்றுப் பெட்டிகளோடும் மண்வெட்டிகளோடும் நிரம்பின.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து சம்பளம் தடைபட்ட ஆண்டுகளில் இந்தச் சிறு மனைகளின் உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடிகளும் பல குடும்பங்களைக் காப்பாற்றின. மனைகளைச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி பிறந்தது. செல்வர்கள் உயர்ந்த மதிலுக்குள் செங்கல் மாளிகை எழுப்ப, கட்டுப்பாடுகள் கரைந்தன. 2006இல் ‘தாச்சாப் பொதுமன்னிப்பு’ என்று பெயர்பெற்ற சட்டம் பதிவு நடைமுறையை எளிதாக்கியது. 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ‘தாச்சா மனை’ என்ற தனி வகையையே நீக்கித் தோட்ட மனைகளோடு சேர்த்தது. தகுதியான தோட்ட வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் இடமளித்தது. சட்டப் புத்தகத்திலிருந்து பெயர் போனாலும், கோடை தொடங்கியதும் நகரத்தை விட்டுக் கிளம்பும் வழக்கம் மக்களிடம் தொடர்கிறது.