கோடை என்பது காற்றின் பெயர்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன இறகுல ஆரம்பிக்குது.

ஃப்ளை ஃபிஷிங் வீடியோ பார்த்திருப்பீங்க. தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்தி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செஞ்சு வீசுவாங்க. சாதாரணத் தூண்டிலை ஈயக்குண்டு இழுத்துட்டுப் போகும். இங்க இறகுக்கு எடையே இல்லை. கனமான லைன்தான் அதைச் சுமக்கணும். எதிர்க்காத்து அடிச்சா, வீசின லைன் நம்ம மேலேயே வந்து விழும்.

ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன்னாடியே, மாசிடோனியாவுல சிவப்புக் கம்பளியும் இறகும் கட்டி ஆத்துல மீன் பிடிச்சதை ஈலியன் எழுதியிருக்கார். கடல்ல இந்த முறை பரவலானது ரொம்பப் பின்னாடி. அமெரிக்கரான ஜோ புரூக்ஸ் அதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினது 1950-லதான். தாமதத்துக்கு ஒரு காரணம் காத்து.

அந்தக் காத்தோட வாழ்ந்தவங்க நம்ம பக்கத்துலயே இருந்தாங்க. காட்டாங்குளத்தூர்ல இருந்து நேர் கிழக்கே போனா, 25 கிலோமீட்டருக்குள்ள கோவளம் கடற்கரை. இந்தக் கரையோட கட்டுமரத்தை ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல வெளியான தன் பயணநூல்ல குறிப்பிட்டிருக்கார். அதுல தூண்டிலும் போட்டாங்க, வலையும் போட்டாங்க. ஆனா கடிகாரம் காத்துதான். விடியலுக்கு முன்னாடி நிலத்துல இருந்து அடிக்கிற காத்துல பாய் விரிச்சுக் கடலுக்குப் போவாங்க. மதியம் கடல்காத்து திரும்பினதும் அதுலயே கரைக்கு வருவாங்க.

கோடையில இந்தக் கணக்கு சிக்கலாகும். மேற்குக் காத்து பலமா இருந்தா, கடல்காத்து உள்ளே வரத் தாமதமாகும். நமக்கு அன்னைக்கு வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கட்டுமரத்துல போனவருக்கோ, கரைக்குத் திரும்புறதே கஷ்டம். தமிழ்ல ‘கோடை’ங்கிற சொல்லுக்கு வெயில் காலம்னும் அர்த்தம், மேல்காத்துன்னும் அர்த்தம். காத்தை வெச்சே காலத்தைப் புரிஞ்சுக்கிட்ட மொழி இது.

மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். 1887-ல ஏரி, குளத் தூண்டிலுக்குன்னு இன்னொரு புத்தகம். பொழுதுபோக்குக்காக மீன் பிடிச்சவரோட அனுபவம் நூலகத்துல பத்திரமா இருக்கு. பிழைப்புக்காகக் கடலுக்குப் போனவங்களோட அறிவு, பெரும்பாலும் வாய்மொழியாவே நின்னுபோச்சு.

அப்புறம் மோட்டார் வந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகுகள் குவிஞ்சது. கட்டுமரம் வேகமா குறைஞ்சது. எஞ்சின் உயிரைக் காப்பாத்துது, உழைப்பைக் குறைக்குது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா காத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. அடையாறு முகத்துவாரத்துல இருக்கிற ஊரூர் குப்பத்து மூத்த மீனவர் எஸ். பாளையம், காத்து, நீரோட்டம், மீன் வரத்துன்னு நாள்வாரியா பதிவு பண்ணது அதனாலதான் முக்கியம்.

அடுத்த தடவை கோவளம் போனா, மணலை அள்ளி மெல்ல விட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் பறக்குதோ, அதுல இருந்து பாடம் தொடங்குது.