சாரல் சீசனில் பிசுபிசுக்கும் ஹாக்கி ஸ்டிக் கிரிப்... ஸ்டிக் கெடாமல் நீக்குவது எப்படி?

ஜூன் மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா ஈரக்காத்து உள்ளே வந்துட்டா, தென்காசி, குற்றாலம் பக்கம் எல்லாமே ஈரம்தான். துவைச்ச துணி காயாது. அப்பளம் நமத்துப்போகும். பீரோவுக்குள்ள ஷூ பூஞ்சை பிடிக்கும். அருவியில குளிக்க வர்றவங்களுக்கு இது கொண்டாட்டம். ஆனா, லீவுக்கு முன்னாடி வீட்டு மூலையில சாத்தி வெச்ச ஹாக்கி ஸ்டிக்கை இப்போ எடுத்துப் பாருங்க. கைப்பிடி உள்ளங்கையில ஒட்டிக்கிட்டே வரும். கையை விரிச்சா கறுப்பா ஒரு பசை.

`அழுக்குதான்... சோப்பு போட்டுக் கழுவினா சரியாகிடும்'னு நினைச்சா, கழுவின மறுநாளே திரும்பவும் பிசுபிசுக்கும். ஏன்னா, அது அழுக்கு இல்லை.

ஏன் இப்படி ஆகுது?

ஹாக்கி ஸ்டிக்கில் சுற்றப்படும் கிரிப்புகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனவை. காற்றில் இருக்கும் ஈரம் நாளாக நாளாக இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக உடைக்கும். வேதியியலில் இதற்கு `நீராற்பகுப்பு' என்று பெயர். உடைந்த துண்டுகள்தான் அந்தப் பிசுபிசுப்பு. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ரொம்ப நாள் போடாத ஷூவின் அடிப்பாகம் திடீர்னு உதிர்ந்து விழுறதுக்கும், பழைய ஹெட்போன், டார்ச் லைட் மேல் இருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு கையில ஒட்டுறதுக்கும் பெரும்பாலும் இதேதான் காரணம். கெட்டுப்போன பூச்சை மறுபடி நல்லதாக்க முடியாது. பவுடர் போட்டால் ஒரு மேட்ச் தாங்கும். அப்புறம் பவுடரும் பசையும் சேர்ந்து மாவாகிடும். நீக்குவது ஒன்றுதான் வழி.

ஒரு விஷயம்... புது கிரிப்பும் கொஞ்சம் ஒட்டுற மாதிரிதான் இருக்கும். அது வேணும்னே கொடுத்திருக்கும் தன்மை. நாலைந்து நாள் விளையாடினால் சரியாகிடும். கையில் நிறம் பிடிக்குதா, நகத்தால் சுரண்டினால் பூச்சு உரிந்து வருதா... அப்போதான் கிரிப் போச்சுனு அர்த்தம்.

சும்மா விட்டா என்ன?

ஹாக்கியில் இடது கைதான் ஸ்டிக்கைத் திருப்பும். வலது கை தளர்வாகப் பிடித்து, ஸ்டிக் அதற்குள் சுழல இடம் கொடுக்கணும். பந்தை இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுக்கும் நம்ம ஊர் டிரிப்ளிங்குக்கு உயிரே அந்தச் சுழற்சிதான். கிரிப் ஒட்டினால் ஸ்டிக் சுழலாது. ரிவர்ஸ் எடுக்க அரை நொடி தாமதமாகும். பந்து போயிடும், கையில் கொப்புளமும் வரும்.

தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால், ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி. அங்கே பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேல், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இதைப் பார்த்து ஸ்டிக்கைக் கையில எடுக்கிற பல பசங்களுக்கு முதல் ஸ்டிக், சீனியர் அண்ணனோ அக்காவோ கொடுத்த பழசுதான். கிரிப் சில நூறு ரூபாயில் கிடைச்சிடும். நல்ல காம்போசிட் ஸ்டிக் வாங்கணும்னா ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால, கிரிப்பைக் காப்பாத்துறேன்னு ஸ்டிக்கைக் கெடுத்துடக் கூடாது.

முதலில் ஸ்டிக் எந்த ரகம்னு பாருங்க

* காம்போசிட்: கார்பன், கண்ணாடி இழை போன்றவற்றைப் பிசினில் தோய்த்துச் செய்தது. எண்ணெய் உள்ளே இறங்காது. ஆனால், கீறல் ஆகாது.

* மர ஸ்டிக்: கைப்பிடி பிரம்பால் ஆனது. கிரிப்புக்குக் கீழே நூல் இறுக்கமாகச் சுற்றியிருக்கலாம். அதை அறுத்துடாதீங்க. பிரம்பும் நூலும் எண்ணெயை உறிஞ்சிக்கும். அப்புறம் புது கிரிப் ஒட்டாது. மர ஸ்டிக்குக்கு எண்ணெயைத் தவிர்த்துடலாம்.

நீக்கும் முறை

1. கிரிப்பின் கீழ்முனையில் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரிங்க. அங்கிருந்து மேல் நோக்கி, சுற்றின திசைக்கு எதிராக மெதுவாகக் கழற்றுங்க.

2. வரலைன்னா ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடிச்சு, மிதமான சூட்டில் அரை நிமிடம் காட்டுங்க. பசை இளகும். ஸ்டிக் கை பொறுக்கிற சூட்டைத் தாண்டக் கூடாது. அடுப்பில் காட்டவே கூடாது.

3. கழற்றின பிறகும் பசை திட்டுத்திட்டாக இருக்கும். கட்டை விரலால் உருட்டி எடுத்தாலே பாதி வந்துடும். மீதியைப் பழைய ஏ.டி.எம் கார்டின் ஓரத்தால் தள்ளுங்க. கத்தி, பிளேடு வேண்டாம்.

4. காம்போசிட் ஸ்டிக்னா, இப்போ தேங்காய் எண்ணெய். அருவிக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணெய் தேய்ச்சு ஊற விடுறோம்ல, அதே கணக்குதான். பசை மேல் தடவி 20 நிமிடம் விடுங்க. எண்ணெய் உள்ளே இறங்கினதும் பசை ஊறித் தளர்ந்துடும். பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைங்க. தேவைப்பட்டால் இன்னொரு முறை.

5. அடுத்து ஆல்கஹால். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைச்சுத் துடைங்க. உடைந்துபோன பாலியூரித்தேனும் எண்ணெய்ப் பிசுக்கும் இதில் கரைந்து வரும். ஸ்டிக் மேல் நேரடியாக ஊற்ற வேண்டாம். முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்க. பெயின்ட் நிறம் துணியில் வந்தால் நிறுத்திடுங்க. இது சட்டுனு தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

6. கடைசியாக, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைச்சு, பிறகு வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடைச்சிடுங்க.

7. இரவு முழுக்க ஃபேன் காற்றில் காய விடுங்க. சாரல் நாளில் இதில் அவசரப்பட்டால், ஈரத்தின் மேல் சுற்றின புது கிரிப் ரெண்டே நாளில் வழுக்கிக் கழன்றுடும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர்: பசையோடு சேர்த்து பெயின்ட், வார்னிஷையும் கரைச்சிடும். காம்போசிட்டின் பிசினையும் பாதிக்கலாம்.

* பெட்ரோல், மண்ணெண்ணெய்: தோலுக்கும் ஆபத்து, தீக்கும் ஆபத்து.

* உப்புத்தாள்: கார்பன், கண்ணாடி இழைகளை அறுத்துடும். அந்தத் தூசு மூச்சில் போவதும் நல்லதில்லை.

* சுடுதண்ணீரில் ஊறப்போடுவது: மர ஸ்டிக் உப்பிடும். பிரம்பை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும்.

புது கிரிப் சுற்றும்போது...

`பழசுக்கு மேலயே புதுசைச் சுத்திட்டா வேலை முடிஞ்சது'னு சிலர் செய்வாங்க. கீழே இருக்கும் பழைய பூச்சு இன்னும் குழைந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டிக்கைத் திருப்பும்போது மேல் கிரிப் நழுவும். கைப்பிடியும் தடிக்கும், எடையும் கூடும். சர்வதேச ஹாக்கி விதிப்படி, மேலே சுற்றியிருப்பதையும் சேர்த்து ஸ்டிக் 51 மி.மீ உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழையணும். எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது.

மேல்முனையில் தொடங்கி, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு, விளிம்பு மேல் விளிம்பு லேசாக ஏறும்படி கீழே சுற்றிட்டு வாங்க. முடிவில் டேப். சுருக்கம் விழுந்தால் அந்த இடம்தான் கொப்புளம் போடும். பிரிச்சு மறுபடி சுற்றுங்க.

மறுபடி ஒட்டாமல் இருக்க...

விளையாடி முடிச்சதும் ஸ்டிக்கை ஈர ஜெர்ஸியோடு பையில் போட்டு ஜிப்பை இழுத்துடாதீங்க. துடைச்சு, காற்றாடும் இடத்தில் நிற்க வைங்க. சீசன் முடியும்வரை பைக்குள் பழைய நியூஸ்பேப்பரும், புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டும் போட்டு வைங்க. பேப்பர் நமத்துப்போனா மாத்திடுங்க. கார் டிக்கி, மொட்டை மாடி வெயில் ரெண்டும் வேண்டாம்.

கிரிப் எப்படியும் தேயும். மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஸ்டிக் அப்படியில்லை. கீறாம, கரைக்காம பார்த்துக்கிட்டா, நீங்க பெரிய ஸ்டிக்குக்கு மாறுற அன்னிக்கு இதைக் கை நீட்டி வாங்கிக்க ஒரு தம்பியோ தங்கச்சியோ கிரவுண்ட்ல நிப்பாங்க. கொடுக்கிறப்போ புது கிரிப் சுத்திக் கொடுங்க!