அபுனைவு எழுத்தில் ஆசிரியரின் நோக்கமும் கண்ணோட்டமும்

ஒருவர் ஒரு நூலையோ கட்டுரையையோ எதற்காக எழுதினார் என்பது ஆசிரியரின் நோக்கம். எடுத்துக்கொண்ட பொருளை அவர் எங்கே நின்று பார்க்கிறார், அதில் எதைச் சரி என்றும் எதைத் தவறு என்றும் கொள்கிறார் என்பது அவரது கண்ணோட்டம். வரலாறு, தன்வரலாறு, பயண நூல், நாட்குறிப்பு, செய்தி, தலையங்கம், அரசு அறிக்கை, இலக்கிய உரை எனப் புனைவல்லாத எழுத்து எதுவாயினும் அதில் இவை இரண்டும் இருக்கும். கதை கற்பனை என்று தெரிந்தே வாசகர் அதைப் படிக்கிறார். அபுனைவையோ நடந்தது இதுதான் என்ற நம்பிக்கையோடு படிக்கிறார். அதனால் அதிலுள்ள கண்ணோட்டம் அவர் கண்ணுக்குத் தப்பிவிடுவது எளிது.

நோக்கமும் கண்ணோட்டமும் ஒன்றல்ல. தகவல் தருவது என்ற ஒரே நோக்கத்தோடு எழுதும் இருவர் எதிரெதிர்க் கண்ணோட்டம் உடையவர்களாக இருக்கலாம். ஒரே கண்ணோட்டம் கொண்ட ஒருவர் ஓரிடத்தில் விளக்கக் கட்டுரையும் வேறோர் இடத்தில் ஆதரவு திரட்டும் துண்டறிக்கையும் எழுதலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியே தேடிக் காண வேண்டும்.

தமிழ் மரபில் பாயிரம்

நூலைப் படிக்கும் முன் அதன் நோக்கத்தை அறிய வேண்டும் என்பது தமிழ் இலக்கணம் விதியாகவே சொன்ன ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலின் முகவுரையாகிய பாயிரத்தைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டாகப் பிரிக்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டும். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. எழுதியவர் யார், எந்த நூலின் வழியில் எழுதினார், யாருக்காக எழுதினார், எந்தச் சூழல் எழுதத் தூண்டியது, படிப்பவருக்கு என்ன பயன் என்று இன்றைய வாசகர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன.

சிறப்புப்பாயிரத்தை எழுதத் தக்கவர் யார் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர்கள். தன் நூலைத் தானே புகழ்வது தகாது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஆசிரியர் தம் நோக்கத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்காமல், நூலைப் பயின்ற மற்றொருவர் வாயால் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

நோக்கத்தின் வகைகள்

அபுனைவின் நோக்கங்களைப் பொதுவாக நான்காகப் பிரிப்பர்: தகவல் தருதல், இணங்க வைத்தல், அனுபவத்தைப் பகிர்தல், மகிழ்வித்தல். பாடநூல், கலைக்களஞ்சியம், அரசிதழ் ஆகியவை தகவலுக்கு உரியவை. தலையங்கம், தேர்தல் அறிக்கை, விளம்பரம், துண்டறிக்கை ஆகியவை இணங்க வைப்பவை. தன்வரலாறும் நாட்குறிப்பும் அனுபவம் சார்ந்தவை. நகைச்சுவைக் கட்டுரையும் பயணக் கட்டுரையும் மகிழ்விப்பவை.

நடைமுறையில் இவை கலந்தே வரும். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தன்வரலாறு. ஆனால் அதில் பெரும்பகுதி அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புலமையையும் அக்காலத் தமிழ்க் கல்வி முறையையும் பதிவுசெய்கிறது. தன் கதையைச் சொல்வது மேற்பரப்பில் தெரியும் நோக்கம். மறைந்துபோன ஒரு கல்வி மரபை எழுத்தில் நிறுத்துவது நூலின் உள்ளோடும் நோக்கம்.

வெளியிடும் எண்ணமில்லாத எழுத்துக்கும் கண்ணோட்டம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். யாரையும் இணங்க வைக்க அவர் எழுதவில்லை. ஆனால் விலைவாசி, கப்பல் வரத்து, பதவிப் போட்டி ஆகியவற்றை ஒரு வணிகரின் கண் கொண்டே பார்க்கிறார். துய்ப்ளேக்சின் மனைவியைப் பற்றி அவர் எழுதுவதில் கசப்பு தெரிகிறது.

நோக்கம் வேண்டுமென்றே மறைக்கப்படுவதும் உண்டு. வேட்பாளரிடமோ நிறுவனத்திடமோ பணம் பெற்றுக்கொண்டு செய்தி போல வெளியிடப்படும் எழுத்து இதற்குச் சான்று. ‘பெய்டு நியூஸ்’ எனப்படும் இவ்வழக்கம் குறித்து இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010இல் அறிக்கை அளித்தது. வடிவம் செய்தியாகவும் நோக்கம் விளம்பரமாகவும் இருப்பதே இதிலுள்ள ஏமாற்று.

கண்ணோட்டத்தைக் காட்டும் அடையாளங்கள்

பெயரிடுதல். 1857இல் நடந்ததைச் சிப்பாய்க் கலகம் என்பவரும் முதல் சுதந்திரப் போர் என்பவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் குறிக்கிறார்கள். கலகம் என்ற சொல் அதிகாரம் நியாயமானது என்பதை முன்கூட்டியே ஏற்கிறது. போர் என்ற சொல் இரு தரப்பையும் சமமாக நிறுத்துகிறது. 1806இல் வேலூர்க் கோட்டையில் நடந்தது கலகம் என்றும் புரட்சி என்றும் எழுதப்படுவதற்கும் இது பொருந்தும்.

விகுதியும் மூவிடப்பெயரும். தமிழில் வினைமுற்றே ஆசிரியரின் மதிப்பீட்டைச் சொல்லிவிடும். ‘தப்பி ஓடினான்’ என்பதும் ‘வெளியேறினார்’ என்பதும் ஒருவரின் ஒரே செயலைக் குறிக்கலாம். ‘நாம்’ என்னும்போது ஆசிரியர் வாசகரையும் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். ‘நாங்கள்’ என்னும்போது வாசகரை வெளியே நிறுத்துகிறார். அரசியல் கட்டுரைகளில் ‘நாம்’ மிகுந்து வருவதற்குக் காரணம் இதுவே.

தொடரமைப்பு. ‘துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் உயிரிழந்தனர்’, ‘ஊர்வலத்தினரைப் போலீசார் சுட்டதில் மூவர் இறந்தனர்’, ‘கல்வீச்சு முற்றியதால் போலீசார் சுட வேண்டியதாயிற்று’ ஆகிய மூன்று தொடர்களும் ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கலாம். முதலாவதில் சுட்டவர் இல்லை. இரண்டாவதில் செயலுக்கு உரியவர் முன்னே நிற்கிறார். மூன்றாவது, செயலைச் சொல்லும்போதே அதற்கு நியாயமும் சொல்லிவிடுகிறது.

மேற்கோள் வினை. ஒருவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது ‘தெரிவித்தார்’ என்பது நடுநிலையானது. ‘விளக்கினார்’ என்பதில் ஏற்பு இருக்கிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்பது முன்பு மறைத்தார் என்று பொருள்பட நிற்கிறது. ‘கூறிக்கொள்கிறார்’ என்பது அவநம்பிக்கை. ‘நடந்ததாம்’ என்பதில் வரும் ‘ஆம்’ அந்தச் செய்திக்கு ஆசிரியர் பொறுப்பேற்கவில்லை என்பதைக் காட்டும்.

தேர்வும் விடுபாடும். எதைச் சேர்த்தார், எதை விட்டார், எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார், யாருடைய சாட்சியத்தை எடுத்தார் என்பவை சொல்லைவிட ஆழமான அடையாளங்கள். ஒரு நூலை மட்டும் படித்தால் இவை தெரியா. அதே பொருளைப் பற்றிய இன்னொரு நூலை அருகில் வைத்தால்தான் விடுபட்டது எது என்பது புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: பாஞ்சாலங்குறிச்சி பற்றிய எழுத்துகள்

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய கிஸ்தி (வரி) பற்றிய தகராறு, 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது நேர்ந்த மோதல், 1799 செப்டம்பரில் கோட்டை மீது நடந்த தாக்குதல், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களால் பிடிபட்டது ஆகியவை பெரும்பாலும் எல்லாராலும் ஏற்கப்பட்ட நிகழ்ச்சிகள். இவற்றை எழுதியவர்களின் நோக்கமும் கண்ணோட்டமும்தான் வேறுபடுகின்றன.

இங்கே எடுத்துக்கொண்ட எழுத்துகளுள் முதலில் எழுதப்பட்டது, தண்டனையை நிறைவேற்றிய மேஜர் பானர்மன் மறுநாள் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கை. மேலிடத்துக்குத் தகவல் தருவதும் தம் செயலைப் பதிவில் நிறுத்துவதும் அதன் நோக்கம்; கம்பெனியின் கண்ணோட்டமே அதன் கண்ணோட்டம். ஆயினும் கட்டபொம்மன் விசாரணையில் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியுடன் நோக்கியதையும், தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் சென்றதையும் அது குறிப்பிடுகிறது. தம் தரப்புக்கு ஆதாயம் தராத செய்தியை ஒருவர் பதிவுசெய்தால் அதற்கு நம்பகம் கூடுதல். வரலாற்றாசிரியர்கள் பானர்மனின் இந்தப் பகுதியை மதிப்பது அதனால்தான்.

பேராயர் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதன் முழுத் தலைப்பு, ஆதிகாலம் தொடங்கி 1801இல் மாவட்டம் ஆங்கில அரசின் கைக்கு வந்ததுவரை என்று எல்லை வகுக்கிறது. தகவல் தருவதே நூலின் நோக்கம். ஆனால் கதை ஆங்கில ஆட்சியில் போய் முடிவதாக அமைந்துவிட்டதால், அதற்கு முந்தைய காலம் குழப்பமாகவும் அந்த ஆட்சி ஒழுங்காகவும் தோற்றம் கொள்கின்றன. கால்டுவெல் பெரிதும் நம்பியவை கம்பெனியின் கடிதங்களும் அறிக்கைகளும். பாளையக்காரர் தரப்பு அந்த ஆவணங்கள் அனுமதித்த அளவுக்கே அதில் இடம்பெறுகிறது.

1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம.பொ.சிவஞானம் 1949இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நூலை வெளியிட்டார். விடுதலைப் போராட்டத்தில் தமிழரின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற எண்ணம் அந்நூலை இயக்குகிறது. நாட்டுப்பற்றை ஊட்டுவது அதன் நோக்கம். இதற்கு நேர் எதிராகக் ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் எழுதிய நூலின் பெயரே ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’. இரண்டும் இணங்க வைக்கும் நோக்கமுடையவை; கண்ணோட்டம் மட்டும் எதிர். வரலாற்றுப் பேராசிரியர் கே.ராஜய்யன் 1971இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், கட்டபொம்மன் இறந்தபின் எழுந்த 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று தலைப்பிலேயே அழைக்கிறது. அவரும் கம்பெனி ஆவணங்களைத்தான் பயன்படுத்தினார். ஆனால் தனித்தனிப் பாளையங்களின் அடங்காமையாகப் பார்க்கப்பட்டதை, சிவகங்கை மருது சகோதரர், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலியோர் ஒன்றுகூடி நடத்திய கூட்டணிப் போராக அவர் பார்த்தார். ஆதாரம் ஒன்றாக இருந்தும் கேட்ட கேள்வி மாறியதால் முடிவு மாறியது.

எழுதியவர் யார் என்பதை மட்டும் வைத்துக் கண்ணோட்டத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு ஜேம்ஸ் வெல்ஷ் சான்று. 1801 போரில் கம்பெனிப் படை அதிகாரியாக இருந்த அவர் 1830இல் தம் படைவாழ்க்கை நினைவுகளை இலண்டனில் வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத் தந்தவர் மருது சகோதரருள் இளையவரான சின்ன மருது என்று அதில் அன்போடு நினைவுகூர்கிறார். அவருடைய முடிவுக்காக வருந்துகிறார். போரில் எதிர்த்தரப்பில் நின்றவர், எழுத்தில் அந்தத் தரப்பை மதிப்போடு காட்டுகிறார்.

1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருது சகோதரர்களின் பிரகடனத்தில் நோக்கம் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. அது எல்லாச் சாதியினரையும் இசுலாமியரையும் விளித்துப் பேசுகிறது. படிப்பவர் அதைப் படியெடுத்துப் பரப்ப வேண்டும் என்றும் கேட்கிறது. விளிக்கப்பட்டவர் யார், அவரிடம் எதிர்பார்க்கப்படும் செயல் எது என்ற இரண்டும் தெரிந்தால் எந்த எழுத்தின் நோக்கமும் தெளிவாகிவிடும்.

உரைநூல்களில் கண்ணோட்டம்

மூலத்தை விளக்குவதே உரையின் நோக்கம் என்பதால் உரையாசிரியருக்குத் தனிக் கண்ணோட்டம் இல்லை என்று தோன்றலாம். திருக்குறள் உரைகள் அப்படி இல்லை என்பதைக் காட்டுகின்றன. பரிமேலழகர் அறத்தை மனு முதலிய நூல்களின் விதிகளோடும் விலக்குகளோடும் இணைத்து வரையறுக்கிறார். 20ஆம் நூற்றாண்டில் தேவநேயப் பாவாணர் அந்த வடமொழிச் சார்பை மறுத்துத் ‘தமிழ் மரபுரை’ எழுதினார். குறள் மாறவில்லை, அதற்குத் துணையாக எந்த மரபை அழைப்பது என்பதில்தான் உரைகள் பிரிகின்றன.

வாசிப்பில் நேரும் பிழைகள்

முதல் பிழை, கண்ணோட்டம் இருப்பதையே குற்றமாகக் கொள்வது. கண்ணோட்டம் இல்லாமல் யாராலும் எழுத முடியாது. தெரிந்த உண்மையை மறைப்பதும் திரிப்பதும்தான் சார்பு எனப்படும் குறை. ஒரு தலையங்கம் ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவதில் தவறில்லை. செய்தி அறிக்கை அப்படிச் சாய்வது தவறு.

இரண்டாவது, ஆசிரியரின் சாதி, மதம், கட்சி ஆகியவற்றிலிருந்து கண்ணோட்டத்தை முடிவுசெய்துவிட்டு அதன் பிறகு நூலைப் படிப்பது. இவை ஆராய வேண்டிய பின்னணி மட்டுமே. தீர்ப்புக்குச் சான்று நூலிலிருந்தே வர வேண்டும்.

மூன்றாவது, நடுநிலையான தொனியை நடுநிலை என்றே நம்பிவிடுவது. உணர்ச்சிச் சொல் ஒன்றும் இல்லாத அரசு அறிக்கைகூட எதைக் கணக்கெடுப்பது, எதை விடுவது என்பதில் ஒரு தரப்பை எடுத்திருக்கலாம்.

நான்காவது, புனைவையும் அபுனைவையும் கலந்துகொள்வது. கட்டபொம்மனைப் பற்றிப் பலருக்கு நினைவில் நிற்பது 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் வசனமே. அந்த வசனம் வரலாற்று ஆவணம் அல்ல.

கல்வியில் இதன் இடம்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 15 வயது மாணவருக்கு நடத்தும் பீசா தேர்வு, 2018இல் வாசிப்புத் திறனை முதன்மையாகக் கொண்டிருந்தது. பொருளிலோ மூலத்திலோ உள்ள மறைமுகக் குறிப்புகளை வைத்து உண்மையையும் கருத்தையும் பிரித்தறிய முடிந்தவர்கள், அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சரளமாகப் படிக்கத் தெரிந்தவருக்கும் இத்திறன் தானாக வருவதில்லை என்பதை இது காட்டுகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு செய்திகளை, அல்லது ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு வாழ்க்கை வரலாறுகளை அருகருகே வைத்துச் சொல், வினைமுற்று, ஆதாரம், விடுபாடு ஆகியவற்றை ஒப்பிடுவதே இதற்கு வகுப்பறையில் எளிதாகச் செய்யத்தக்க பயிற்சி.